முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்தால்…

‘ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?’ என்பது நம் பழமொழி. முதுகெலும்பின் பக்கவளைவுக்கு இது நன்கு பொருந்தும்.

பின்னாலிருந்து பார்த்தால் முதுகெலும்பு, கொத்தனார் பிடிக்கும் தூக்குக்குண்டு நூல்போல நேராக இருக்க வேண்டும். சிலருக்கு அது இடமாகவோ வலமாகவோ வளைந்து, முள்ளெலும்புகளும் முறுக்கிக்கொள்ளும். இதுவே ஸ்கோலியோசிஸ். முதுகு பின்புறம் புடைக்கும் கூனல் வேறு, இது வேறு.

வளரிளம் பருவத்தினரில் நூற்றுக்கு இரண்டு, மூன்று பேருக்கு இது உண்டு. பெண்களுக்கே வளைவு மிகுதியாகும் வாய்ப்பு அதிகம். பெரும்பாலோருக்கு இன்ன காரணம் என்று சொல்வதற்கில்லை, பரம்பரைக்கும் பங்குண்டு. புத்தகச் சுமையோ கோணலாக உட்காருவதோ இதை உண்டாக்குவதில்லை.

வலி பெரும்பாலும் இராது. ஆகையால் பலர் கவனிப்பதில்லை. ஒரு தோள் உயர்ந்திருக்கிறதா? சீருடையின் கீழ்விளிம்பு ஒருபுறம் ஏறி நிற்கிறதா? கால்களைச் சேர்த்து நின்று, முழங்காலை மடக்காமல் முன்னே குனியுங்கள். பின்னால் நிற்பவருக்கு முதுகின் ஒருபக்கம் மேடாகத் தெரிந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். இந்த எளிய சோதனையை 1865-இல் விளக்கியவர் இங்கிலாந்து மருத்துவர் வில்லியம் ஆடம்ஸ்.

புதுச்சேரி மேட்டுப்பாளையத்து மாணவர்களுக்குப் பக்கத்துக் கோரிமேட்டிலேயே ஜிப்மர் மருத்துவமனை இருக்கிறது. இத்தகைய மருத்துவமனைகளின் எலும்பு சிகிச்சைப் பிரிவில் எக்ஸ்-கதிர்ப் படம் எடுத்து வளைவின் கோணத்தை அளப்பார்கள். கோணம் 10 பாகை அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் ஸ்கோலியோசிஸ். சிறிய வளைவைக் குறித்த காலங்களில் மீண்டும் அளந்து கண்காணித்தால் போதும். வளர்ச்சி முடியாதவர்களுக்கு 25 முதல் 40 பாகை வரை இருந்தால் உடலைச் சுற்றி அணியும் தாங்குபட்டை தருவார்கள். 50 பாகையைத் தாண்டினால் பெரும்பாலும் அறுவை சிகிச்சை. உலோகத் தண்டுகளையும் திருகாணிகளையும் பொருத்தி முதுகெலும்பை நிமிர்த்துவார்கள்.

கோணி வளரும் இளமரத்தைக் கொம்போடு சேர்த்துக் கட்டிய படம் ஒன்று, பிரெஞ்சு மருத்துவர் நிக்கோலா ஆந்திரி 1741-இல் வெளியிட்ட நூலில் உள்ளது. எலும்பு மருத்துவத்தின் சின்னமாக விளங்குவது அதுவே. தாங்குபட்டையின் வேலையும் அந்தக் கொம்பின் வேலைதான்: வளைவு மேலும் பெருகாமல் தடுப்பது. 2013-இல் வெளியான அமெரிக்க-கனடா ஆய்வில், பட்டை அணிந்தவர்களில் 72 விழுக்காட்டினருக்கு வளைவு 50 பாகையை எட்டாமலேயே வளர்ச்சி முடிந்தது. அணியாதவர்களில் 48 விழுக்காட்டினருக்கே அவ்வாறாயிற்று. அதிக மணி நேரம் அணிந்தவர்கள் அதிகப் பயன் பெற்றனர்.

வளர்ச்சி நின்றபின் பட்டையால் பயனில்லை. வெட்கப்பட்டு மறைக்கும் ஒவ்வொரு மாதமும் வீணே. 2009-இல் நூறு மீட்டரை 9.58 விநாடியில் ஓடிய உசைன் போல்ட்டுக்கும் பக்கவளைவு உண்டு என்பதை நினைவில் கொள்ளுங்கள்.