பந்தய சைக்கிளுக்குப் பிரேம் வாங்கப் போகிறீர்களா?

1989-ம் ஆண்டு ஜூலை 23-ந் தேதி. பிரான்சு நாட்டில் 3 வார காலம் நடக்கும் 'டூர் டி பிரான்ஸ்' சைக்கிள் பந்தயத்தின் கடைசி நாள். வெர்சேல்சில் இருந்து பாரீசுக்கு 24½ கிலோ மீட்டர் தூரம். வீரர்கள் கூட்டமாகப் போகக்கூடாது. ஒவ்வொருவராகப் புறப்பட்டு, கடிகாரத்தோடு போட்டி போட வேண்டும். இதற்குத்தான் 'டைம் டிரையல்' என்று பெயர்.

பிரெஞ்சு வீரர் லோரான் பின்யோன் 50 வினாடி முன்னிலையில் இருந்தார். இந்தக் குறைந்த தூரத்தில் அதை ஈடுகட்ட முடியாது என்றுதான் பலரும் நினைத்தார்கள். ஆனால் அமெரிக்க வீரர் கிரெக் லெமாண்ட் 26 நிமிடம் 57 வினாடியில் வந்து சேர்ந்தார். பின்யோன் அவரைவிட 58 வினாடி தாமதம். 3 வாரம் ஓடிய பந்தயம் 8 வினாடியில் கைமாறிப் போனது.

லெமாண்ட் தன் ஹேண்டில்பாரில் முன்னோக்கி நீண்ட ஒரு குழாயைப் பொருத்தி, முழங்கைகளை ஒடுக்கி, தண்ணீரில் பாய்பவர் போலக் குனிந்து ஓட்டினார். பின்யோனுக்கு அந்தக் குழாய் இல்லை. அந்தக் குழாயின் விலை சைக்கிளின் விலையோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

பெங்களூரில் வேலை பார்க்கும் நம் தமிழ் இளைஞர்கள் பலர் இப்போது பந்தய சைக்கிளில் நாட்டம் காட்டுகிறார்கள். விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வே வேலை கிடைக்கும் என்ற நம்பிக்கையும் ஒரு காரணம். அவர்களில் பலர் பல மாதச் சம்பளத்தைக் கொட்டி பிரேம் வாங்குகிறார்கள். விளம்பரத்தில் பளபளக்கும் படத்தைப் பார்த்து வாங்குகிறவர்களே அதிகம்.

உடம்புதான் முதல் பிரேம்

சமதளச் சாலையில் மணிக்கு 40 கிலோ மீட்டர் வேகத்தில் போகும்போது, காலின் உழைப்பில் பெரும் பகுதியைக் காற்றுதான் தின்றுவிடுகிறது. வேகத்தை 10 சதவீதம் கூட்ட வேண்டுமானால், காற்றை எதிர்க்கும் சக்தியை 33 சதவீதம் கூட்ட வேண்டும். அந்தக் காற்று மோதுவது பெரும்பாலும் ஓட்டுகிறவரின் உடம்பில்தான். சைக்கிளில் மோதுவது கொஞ்சம். ஆகவே எவ்வளவு விலை உயர்ந்த பிரேமாக இருந்தாலும், அதன்மேல் நிமிர்ந்து உட்கார்ந்தால் பணம் வீண். குனிகிறேன் என்று மூச்சு முட்டும்படி மடங்கினாலும் வீண்.

முதலில் அளவு எடுங்கள். வெறுங்காலுடன் சுவரோடு ஒட்டி நின்று, ஒரு தடித்த புத்தகத்தைக் கால்களுக்கு இடையே மேலே ஏற்றிப் பிடித்து, தரையில் இருந்து புத்தகத்தின் மேல் விளிம்பு வரை அளக்க வேண்டும். அதை 0.883-ஆல் பெருக்கினால், பெடல் சுழலும் பி.பி. அச்சின் நடுவில் இருந்து சீட்டின் மேல்பகுதி வரை உள்ள உயரம் ஏறக்குறைய வந்துவிடும். 80 செ.மீ. கால் உள்ளவருக்கு 70.6 செ.மீ. லெமாண்டின் பயிற்சியாளர் சிரில் கிமார் கையாண்ட கணக்கு இது. தொடக்கத்துக்கு நல்ல கணக்கு. பிறகு முழங்கால் சொல்வதைக் கேட்டு ஏற்றி இறக்கிக் கொள்ளலாம்.

அடுத்து, இருக்கிற சைக்கிளிலேயே இரவல் வாங்கிய ஏரோ பாரைப் பொருத்தி, சுவர் ஓரமாக நிறுத்தி, ஒரு நண்பரைப் பக்கவாட்டில் இருந்து படம் எடுக்கச் சொல்லுங்கள். 20 நிமிடம் அந்த நிலையில் மிதிக்க முடிகிறதா என்று பாருங்கள். முடிகிற நிலை கிடைத்ததும், பி.பி. அச்சில் இருந்து முழங்கை வைக்கும் திண்டு எவ்வளவு உயரம், எவ்வளவு முன்னால் என்று இரண்டு அளவு குறித்துக்கொள்ளுங்கள். பிரேம் செய்கிறவர்கள் 'ஸ்டாக்' என்றும் 'ரீச்' என்றும் சொல்லும் அளவுகளோடு ஒப்பிட வேண்டியது இவற்றைத்தான். 52, 54, 56 என்ற சைஸ் எண்கள் ஒவ்வொரு கம்பெனியிலும் ஒவ்வொரு விதம்.

துணி துவைக்கும் எந்திரத்தின் பேரிங்

ஸ்காட்லாந்தில் கிரேம் ஓப்ரி என்று ஒருவர். சைக்கிள் கடை வைத்து நொடித்துப் போனவர். தன் உடம்பு எப்படி இருந்தால் காற்றைக் குறைவாக வாங்கும் என்று யோசித்து, கைகளை மார்புக்கு அடியில் மடக்கி வைக்கும் விதமாகத் தானே ஒரு சைக்கிள் செய்தார். முழங்கால் இடிக்காமல் இருக்க மேல் குழாயையே எடுத்துவிட்டார். துணி துவைக்கும் எந்திரத்தின் பேரிங் அதில் சேர்ந்த கதை உலகப் பிரசித்தம்.

1993-ம் ஆண்டு ஜூலை 16-ந் தேதி, நார்வே நாட்டின் ஹமார் நகரில் ஒரு மணி நேர உலக சாதனைக்கு முயன்றார். அன்று அவர் ஓட்டியது, தன் சைக்கிளைப் பார்த்து வேறொருவர் நேர்த்தியாகச் செய்து கொடுத்த நகல். தோற்றார். மறுநாள் காலையில் தன் பழைய சைக்கிளையே எடுத்தார். 51.596 கிலோ மீட்டர். பிரான்செஸ்கோ மோசரின் 9 ஆண்டு சாதனை தகர்ந்தது.

நகல் செய்தவர் சாமானியர் அல்லர். 1992-ல் பார்சிலோனா ஒலிம்பிக்கில் கிறிஸ் போர்டுமேன் தங்கப்பதக்கம் வாங்கிய லோட்டஸ் சைக்கிளுக்கு மூல வடிவம் கொடுத்த மைக் பர்ரோஸ்தான் அவர்! அப்பேர்ப்பட்ட கைக்கும் ஓட்டுகிறவனின் உடம்பு முழுதாகப் பிடிபடவில்லை.

ஓப்ரியின் சாதனை 6 நாள்தான் நீடித்தது, போர்டுமேன் 52.270 கி.மீ. ஓட்டி அதைப் பறித்தார். 1994 ஏப்ரலில் ஓப்ரி திரும்பவும் மீட்டார். அதே ஆண்டு சர்வதேச சைக்கிள் சங்கம் அவர் குனியும் முறைக்கே தடை போட்டது. உலகப் போட்டியில் அவரைத் தகுதி நீக்கம் செய்தார்கள். 2000-ம் ஆண்டு முதல், முக்கோணச் சட்டம் இல்லாத விசித்திர வடிவப் பிரேம்களுக்கும் கதவு சாத்தப்பட்டது. ஆசை ஆசையாக வாங்கியவர்கள் அவற்றைச் சுவரில் மாட்ட வேண்டியதாயிற்று.

ஆகவே பழைய பிரேம் மலிவாகக் கிடைக்கிறதே என்று பாயாதீர்கள். சங்க விதிப்படி சைக்கிள் 6.8 கிலோவுக்குக் குறையக்கூடாது. 2011 முதல் புதிய பிரேம்களுக்கு ஒப்புதல் முத்திரை முறையும் வந்துவிட்டது. நீங்கள் கலந்துகொள்ளப் போகும் போட்டிக்கு அது தேவையா என்று நடத்துகிறவர்களிடமும், தன் பிரேம் விதிக்கு உட்பட்டதா என்று செய்கிறவரிடமும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

செய்கிறவரிடம் பேசும் முறை

இந்த விளையாட்டு இங்கிலாந்தில் 1895-ல் எப்.டி. பிட்லேக் என்பவர் தொடங்கி வைத்தது. போலீசார் கண்ணில் படாமல் இருக்க, கறுப்பு உடை உடுத்தி, விடியற்காலையில் ஒரு நிமிட இடைவெளியில் புறப்படுவார்கள். குமாஸ்தாக்களும் ஆலைத் தொழிலாளர்களும் வளர்த்த விளையாட்டு. உள்ளூர் பட்டறைக்காரர் அளவெடுத்து, ரெனால்ட்ஸ் குழாயை வெட்டி ஒட்டித் தருவார். அந்த ரெனால்ட்ஸ் ஒரு காலத்தில் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்ததாக இருந்தது. அதே நிறுவனம் முருகப்பா குழுமத்தோடு 1949-ல் கைகோத்ததில் பிறந்ததுதான் நம் அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸ்.

இன்று செய்கிறவர் எங்கோ இருக்கிறார். பணம் இங்கிருந்து போகிறது. எனவே காகிதம் பேச வேண்டும். என்ன உலோகம், ஸ்டாக் எவ்வளவு, ரீச் எவ்வளவு, எந்த வகை பி.பி., எத்தனை மி.மீ. டயர் நுழையும், எந்தத் தேதியில் வந்து சேரும் என்று எல்லாவற்றையும் எழுதி ஒப்புதல் வாங்குங்கள். மரை போட்ட பி.பி.யாக இருந்தால் நம் தெரு மெக்கானிக்கும் கழற்றி மாட்டுவார். அழுத்திச் செருகும் வகையில் சிலது கிரீச்சென்று கத்தும். சீட் கம்பமும் பின் கியரைத் தாங்கும் ஹேங்கரும் அந்தக் கம்பெனியில் மட்டுமே கிடைக்கும் என்றால், பிரேமோடு உபரி ஒன்று சேர்த்தே வாங்கிவிட வேண்டும். உத்தரவாதம் முதலில் வாங்கியவருக்கு மட்டும்தானா, விழுந்து உடைந்தால் சலுகை உண்டா என்றும் கேளுங்கள். முழுப் பணத்தையும் முன்பணமாகக் கேட்கிறவரிடம் எனக்கு நம்பிக்கை இல்லை.

நூல் பிடித்துப் பார்த்தோம்

எங்கள் குடியிருப்பில் ஒரு தம்பி. தூத்துக்குடி மாவட்டத்துக்காரர். ரயில் பாதைப் பராமரிப்பில் வேலை. ஊரில் வீட்டுக் கூரையை மாற்ற வைத்திருந்த ஏலச்சீட்டுப் பணம் அவர் கையில் இருந்தது. "அண்ணே, 54 சைஸ் எல்லாருக்கும் சரியா வரும்னு கடைக்காரர் சொல்றார். அனுப்பிடட்டுமா?" என்று கேட்டார்.

"எட்டாம் நம்பர் செருப்பு எல்லாருக்கும் சரின்னு சொன்னா வாங்குவியா தம்பி?" என்றேன். கார்பன் ஆசையை அவரே விட்டுவிட்டார். அளவெடுத்து, வெளிமாநிலப் பட்டறை ஒன்றில் அலுமினியப் பிரேம் செய்யச் சொன்னோம். பாதிப் பணம் முன்னால், மீதி சரக்கு வந்த பிறகு என்று ஏற்பாடு.

பெட்டியைப் பிரிக்கும்போதே படம் எடுத்துக்கொண்டோம். வண்ணம் கண்ணைப் பறித்தது. தம்பியின் மனைவி தேங்காய் உடைக்கத் தயாராக நின்றார். "கொஞ்சம் பொறும்மா" என்று சொல்லிவிட்டு, ஒரு நூலை எடுத்து, பின்சக்கரம் மாட்டும் வலது இடுக்கில் கட்டி, முன்பக்கத் தலைக்குழாயைச் சுற்றிக் கொண்டுவந்து, இடது இடுக்கில் இறுக்கினோம். சீட் குழாயின் இரு பக்கமும் நூலுக்கு உள்ள இடைவெளியை ஸ்டீல் ஸ்கேலால் அளந்தால் ஒன்றாக இருக்க வேண்டும். இருக்கவில்லை. ஒரு பக்கம் 4 மில்லி மீட்டர் அதிகம். சட்டம் கோணல்! இதில் சக்கரம் நேராக ஓடாது. (கார்பன் பிரேமாக இருந்தால் காசால் தட்டிப் பார்க்கலாம். ஓர் இடத்தில் மட்டும் ஓசை மந்தமாகக் கேட்டால் உள்ளே பிளவு இருக்கக்கூடும்.)

பட்டறைக்காரர் தொலைபேசியில், "ஓட்ட ஓட்டச் சரியாகிவிடும்" என்றார். அலுமினியம் என்ன, புதுச் செருப்பா? அளவு, படம், பிரேம் எண் எல்லாம் சேர்த்து, ஒப்புகைச் சீட்டுடன் பதிவுத் தபாலில் கடிதம் போட்டோம். 15 நாள் கெடு. பதில் இல்லாவிட்டால் நுகர்வோர் ஆணையம் என்று கடைசி வரியில் குறிப்பிட்டிருந்தோம்.

வெளிமாநிலத்தில் வாழும் நம்மவர்கள் இதை அறிந்துகொள்ள வேண்டும். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும், வாங்கியவர் தான் வசிக்கும் அல்லது வேலை செய்யும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குப் புகார்க் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயம் இல்லை. 2 ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். ஆலோசனைக்கு 1915 என்ற எண் இருக்கிறது.

தம்பிக்கு அதுவரை போக வேண்டியிருக்கவில்லை. 11-ம் நாள் பட்டறைக்காரர் தாமே பேசினார். பழையதை அவர் செலவில் எடுத்துக்கொண்டு, 5 வாரத்தில் வேறு அனுப்பினார். அதற்கும் நூல் கட்டினோம். இரு பக்கமும் சமம். மீதிப் பணத்தை அன்று மாலையே அனுப்பிவிட்டு, தம்பி ஏரோ பார் வாங்கக் கடைக்குக் கிளம்பினார்.