அண்டம் அளந்தவன் இடைகழியில் நின்றான்

மாலையில் விளக்கேற்றி முடித்தபின் திண்ணையிலோ மொட்டை மாடியிலோ சற்றே அமர்ந்து வானத்தை நோக்கும் பெரியவர்கள் பலர் உண்டு. வயது ஏற ஏற அவர்கள் உள்ளத்தில் ஒரு கேள்வி மெல்ல எழுகிறது. "இத்தனை பெரிய அண்டத்தை ஆளும் இறைவனுக்கு, மூட்டு வலியோடு ஒரு மூலையில் அமர்ந்திருக்கும் என்னைத் தெரியுமா? நான் முணுமுணுக்கும் நாமம் அவன் செவியை எட்டுமா?" பள்ளியில் படித்ததைப் பேரப்பிள்ளைகள் வந்து சொல்லும்போது, கோடி கோடியாக விண்மீன்கள் உண்டு என்று கேட்கும்போது, அந்தக் கேள்வி இன்னும் கனத்துவிடுகிறது. வாய்விட்டுச் சொல்வதில்லை, ஆயினும் உள்ளே இருக்கிறது.

இது நம்பிக்கை குறைந்தவர் கேட்கும் கேள்வி அன்று. இறைவனை நெருங்க விரும்புகிறவர் உள்ளத்தில்தான் இது எழும். இதற்கு நம் பெரியோர் நல்ல விடையொன்றை வைத்துச் சென்றிருக்கிறார்கள். அதைக் காணும் முன், அண்டம் எத்தனை பெரிது என்பதைச் சிறிது எண்ணிப் பார்ப்போம்.

ஒளி கடந்து வரும் தூரம்

ஒளி ஒரு நொடியில் ஏறக்குறைய 3 லட்சம் கிலோமீட்டர் செல்கிறது. நிலவின் ஒளி நம்மை வந்தடைய ஒன்றேகால் நொடி போதும். கதிரவனோ சுமார் 15 கோடி கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறான். காலையில் கிழக்கு நோக்கி நாம் கைகூப்பும்போது முகத்தில் படும் வெயில், 8 நிமிடங்களுக்கு முன்பே அவனை விட்டுப் புறப்பட்டுவிட்டது.

கதிரவனை விட்டால் நமக்கு மிக அருகில் உள்ள விண்மீனின் ஒளி இங்கு வந்து சேர 4 ஆண்டுகளுக்குச் சற்று அதிகமாகிறது. கண்ணன் பிறந்த நட்சத்திரமாகிய ரோகிணியிலிருந்து ஒளி வர ஏறக்குறைய 65 ஆண்டுகள். சப்தரிஷி மண்டலத்தில் வசிஷ்டரின் அருகே மங்கலாகத் தெரியும் அருந்ததியிலிருந்து வர ஏறக்குறைய 80 ஆண்டுகள்.

அருந்ததியை நாம் எல்லோரும் அறிவோம். மணமேடையிலிருந்து எழுந்து, புரோகிதர் காட்டிய திசையில் மணமகனும் மணமகளும் அண்ணாந்து பார்த்தோம். பகல் முகூர்த்தமாயின் கண்ணுக்குத் தெரியாத அந்த விண்மீனை நம்பிக்கையாலேயே கண்டோம். இப்போது ஒன்றை எண்ணிப் பாருங்கள். 50 ஆண்டுகளுக்கு முன் திருமணம் நடந்த நாளில் அருந்ததியிலிருந்து புறப்பட்ட ஒளி இன்னும் இங்கு வந்து சேரவில்லை. அது வழியில் இருக்கிறது. இன்னும் 30 ஆண்டுகள் கழித்து, நம் பேரனோ பேத்தியோ தம் பிள்ளைகளுக்கு மணம் முடிக்கும் காலத்தில் அது வந்து சேரும். அதுபோலவே, சதாபிஷேகம் கண்ட ஒருவர் சித்திரை, வைகாசி மாத மாலை வேளைகளில் வடக்கு வானத்தில் அருந்ததியைக் காண்பாராயின், அவர் பிறந்த காலத்தை ஒட்டி அங்கிருந்து கிளம்பிய ஒளியே அவர் கண்ணுக்குள் புகுகிறது. அவர் குழந்தையாய்த் தவழ்ந்து, படித்து, உழைத்து, பிள்ளைகளை ஆளாக்கி, ஆயிரம் பிறை கண்டு முடிக்கும் வரையில் அது நில்லாமல் வந்துகொண்டிருந்தது.

இவையெல்லாம் நம் பக்கத்து வீட்டு விண்மீன்கள். சிவபெருமானுக்கு உகந்த திருவாதிரையின் ஒளி நம்மை அடைய 500 ஆண்டுகளுக்கு மேலாகிறது. கதிரவனும் நாமும் அடங்கியுள்ள பால்வீதி, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஏறக்குறைய 1 லட்சம் ஒளியாண்டு அகலமுடையது. அதில் 10 ஆயிரம் கோடி விண்மீன்களுக்குக் குறையாமல் இருக்கின்றன. நம் பால்வீதிக்கு அப்பால் உள்ள பெரிய மண்டலமான ஆண்ட்ரோமெடா 25 லட்சம் ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. அதைப் போன்ற மண்டலங்களின் எண்ணிக்கையும் 10 ஆயிரம் கோடிக்குக் குறையாது என்கின்றனர் வானியலார். பிரபஞ்சத்தின் வயதை ஏறக்குறைய 1,380 கோடி ஆண்டுகள் என்று கணித்திருக்கிறார்கள்.

சங்கற்பத்தில் நம் முகவரி

இத்தனை பரப்புக்கு நடுவே நாம் எங்கே இருக்கிறோம்? இக்கேள்விக்கு நாம் நாள்தோறும் விடை சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம். பூஜையின் தொடக்கத்திலும், திருமணத்திலும், முன்னோர்க்குத் திதி கொடுக்கும்போதும் செய்யப்படும் சங்கற்பமே அந்த விடை.

புரோகிதர் வேகமாகச் சொல்லிச் செல்வதால் அதன் பொருளை நாம் கவனிப்பதில்லை. சற்று நிறுத்திக் கேட்டால் வியப்பாக இருக்கும். பிரம்மாவின் ஆயுளில் முதற்பாதி கழிந்து இரண்டாம் பாதி நடக்கிறது என்று அது தொடங்குகிறது. அவருடைய ஒரு பகற்பொழுது 1,000 சதுர்யுகங்கள். அதாவது 432 கோடி ஆண்டுகள். அப்படிப்பட்ட பகற்பொழுதுகளில் இது சுவேத வராக கற்பம். இதில் இப்போது வைவஸ்வத மன்வந்தரம். இதில் 28-ஆம் சதுர்யுகத்தின் கலியுகம். அதன் முதற்பாதம் என்று காலம் படிப்படியாக இறங்கி வருகிறது. பிறகு இடம் வருகிறது. ஜம்புத்வீபம், பாரத வர்ஷம், பரத கண்டம், மேருவின் தென்புறம். மறுபடியும் காலம்: 60 ஆண்டுகளின் சுழற்சியில் இன்ன ஆண்டு, இன்ன அயனம், இன்ன ருது, இன்ன மாதம், இன்ன பட்சம், இன்ன திதி, இன்ன கிழமை, இன்ன நட்சத்திரம். இறுதியில், இன்ன கோத்திரத்தில், இன்ன நட்சத்திரத்தில் பிறந்த, இன்ன பெயருடைய நான்.

பிரம்மாவின் ஆயுளில் தொடங்கிய பேச்சு ஒரு மனிதரின் பெயரில் வந்து நிற்கிறது. அதுவும் இறைவனின் சந்நிதியில். சந்நிதியில் அர்ச்சனைத் தட்டை நீட்டும்போது நாம் பெயரும் நட்சத்திரமும் சொல்வதும் இந்த நீண்ட முகவரியின் கடைசி வரியே ஆகும்.

இந்த யுகக் கணக்கையும் வானியலாரின் கணக்கையும் அருகருகே வைத்து, எது முந்தியது, எது வென்றது என்று வாதிட வேண்டியதில்லை. அவை இருவேறு நோக்கங்களுக்காகப் பிறந்தவை. நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். கோடிக்கணக்கான ஆண்டுகளை எண்ணிய நம் முன்னோர், அந்த எண்ணின் முன் மனிதரை அழித்துவிடவில்லை. அத்தனை பெரிய காலத்துக்குள் அவருக்கென்று ஓர் இடம் குறித்து, அவர் பெயரையும் எழுதி வைத்தார்கள்.

வீட்டுக்குள் விழும் வெயிற்கதிர்

திருவாசகத்தில் மூன்றாவதாக அமைந்திருப்பது திருவண்டப்பகுதி. தில்லையில் பாடப்பெற்றதென மரபு சொல்லும். அண்டங்களின் விரிவைச் சொல்ல வந்த மாணிக்கவாசகப் பெருமான், 100 கோடிக்கும் மேற்பட்ட உலகங்களை எடுத்துக்கொண்டு, அவற்றை நம் வீட்டுக்குள் விழும் ஒரு காட்சியோடு ஒப்பிடுகிறார். கூரை இடுக்கின் வழியே நுழையும் வெயிற்கதிரில் நுண்ணிய தூசிகள் மிதப்பதைச் சிறுவயதில் பார்த்திருக்கிறோம் அல்லவா? அந்தத் தூசிகளைப் போல அத்தனை உலகங்களும் சிறியனவாகும்படி இறைவன் பெரியவன் என்கிறார்.

அவர் அத்துடன் நிறுத்தியிருந்தால் நம் அச்சம் கூடியே இருக்கும். உலகங்களே தூசி என்றால் நாம் எம்மாத்திரம்? ஆனால் அதே பாடலில், அத்தனை பெரியவன் தானாகவே எளிமையோடு எழுந்தருளி, தம்மைக் கூவி அழைத்து ஆட்கொண்டதைச் சொல்லிச் சொல்லி உருகுகிறார். பாண்டியனின் அமைச்சராய்க் குதிரை வாங்கச் சென்றவரைத் திருப்பெருந்துறைக் குருந்த மரத்தடியில் குருவாய் அமர்ந்து தடுத்தாட்கொண்ட அருள் அது. அண்டங்களைத் தூசியாக்கும் பெருமையும், ஒருவரைத் தேடி வந்து அழைக்கும் எளிமையும் அவருக்கு ஒருவனிடத்திலேயே தெரிந்தன.

திருக்கோவலூரில் ஒரு மழை இரவு

வைணவப் பெரியோர் போற்றும் முதலாழ்வார்கள் வரலாறு இதனை இன்னும் தெளிவாக்குகிறது. தென்பெண்ணைக் கரையில் உள்ள திருக்கோவலூரில் எழுந்தருளியிருப்பவர் உலகளந்த பெருமாள். மாவலியிடம் மூன்றடி மண் கேட்டு, மண்ணையும் விண்ணையும் ஈரடியால் அளந்தவர்.

காஞ்சியில் தோன்றிய பொய்கையாழ்வார் ஒருநாள் அவ்வூருக்கு வந்தார். இரவாகிவிட்டது, பெருமழை பொழிந்தது. ஒரு குடிலின் குறுகிய இடைகழியில் புகுந்து படுத்துக்கொண்டார். சற்று நேரத்தில் கடல்மல்லையில் தோன்றிய பூதத்தாழ்வார் மழைக்கு ஒதுங்க வந்தார். ஒருவர் படுக்கலாம், இருவர் இருக்கலாம் என்று இருவரும் அமர்ந்தார்கள். பிறகு மயிலையில் தோன்றிய பேயாழ்வார் வந்தார். இருவர் இருக்கலாம், மூவர் நிற்கலாம் என்று மூவரும் எழுந்து நின்று பெருமாளின் குணங்களைப் பேசிக்கொண்டிருந்தார்கள். அப்போது இருளில் நான்காவதாக ஒருவர் உள்ளே புகுந்து நெருக்குவதை உணர்ந்தார்கள். யார் என்று அறிய விளக்கு வேண்டும் அல்லவா?

பொய்கையாழ்வார் பூமியையும் கடலையும் கதிரவனையும் கொண்டு ஒரு விளக்கேற்றினார். அது வெளியுலகமாகிய விளக்கு. பூதத்தாழ்வார் அன்பையும் ஆர்வத்தையும் உருகும் சிந்தையையும் கொண்டு மற்றொரு விளக்கேற்றினார். அது உள்ளமாகிய விளக்கு. இரண்டும் ஒளிர்ந்தபின் பேயாழ்வார் திருமகளோடு கூடிய பெருமானைக் கண்டார். மூவரும் அருளிய மூன்று திருவந்தாதிகள் இன்றும் பெருமாள் கோயில்களில் ஓதப்படுகின்றன.

உலகனைத்தையும் ஈரடியால் அளந்தவனுக்கு இடம் போதாத ஊர் எது? ஆயினும் அவன் விரும்பி வந்து நின்ற இடம், மூன்று அடியார்கள் தோளோடு தோள் உரச நின்ற ஒரு இடைகழி. அவன் நெருக்கியதும் இடத்துக்காக அன்று, அடியாரின் அருகாமைக்காக.

விளக்குகளின் வரிசையும் நமக்கு ஒரு பாடம். வானத்தைக் கண்டு வியப்பது முதல் விளக்கு. அது வேண்டாதது அன்று; படைப்பின் பெருமையை அது காட்டும். ஆனால் அந்த ஒளி மட்டும் போதாது. அன்பு என்ற இரண்டாம் விளக்கும் எரிந்தால்தான், அருகில் நிற்பவர் யார் என்பது தெரிகிறது.

பெரியவன் என்பதாலேயே அறிவான்

"பெரியவனுக்குச் சிறியவர்களை நினைக்க நேரம் ஏது?" என்பது நம்மைக் கொண்டு அவனை அளக்கும் அளவுகோல். ஒரு மாவட்டத்தை ஆளும் அதிகாரிக்கு ஒவ்வொரு வீட்டையும் தெரிந்திருக்க முடியாது. அவருடைய நேரத்துக்கும் நினைவுக்கும் எல்லை உண்டு. எல்லையற்றவனுக்கு அந்தக் குறை இல்லை. ஆயிரம் குடங்களில் நீர் வைத்தால் ஆயிரத்திலும் கதிரவன் முழுவதுமாகத் தெரிகிறான். குடத்துக்கு ஆயிரத்தில் ஒரு பங்கு என்று அவன் தன்னைப் பிரித்துக் கொடுப்பதில்லை. இறைவனின் கருணையும் அத்தகையது. எல்லோருக்கும் உரியவனாக இருந்தும், ஒவ்வொருவருக்கும் முழுமையாகவே உரியவனாக இருக்கிறான்.

சிதம்பரத்தில் நடராசப் பெருமானின் அருகே திரை விலக்கிக் காட்டப்படும் இரகசியமும் இதனையே உணர்த்துகிறது. அங்கே தொங்கும் பொன் வில்வ மாலைகளுக்குப் பின்னால் உருவம் ஏதும் இல்லை; வெளியே இருக்கிறது. ஐம்பூதங்களில் ஆகாயமாய் இறைவன் விளங்கும் தலம் அது. ஆனால் தலத்தின் பெயரோ சித்தாகிய அம்பரம், அறிவாகிய வெளி. சாந்தோக்கிய உபநிடதமும் தன் எட்டாம் அத்தியாயத்தில், இதயத் தாமரைக்குள் இருக்கும் சிறு வெளி, வெளியே விரிந்த ஆகாயத்தின் அளவே உடையது என்றும், கதிரவனும் திங்களும் விண்மீன்களும் அதற்குள் அடங்கியிருக்கின்றன என்றும் கூறுகிறது. வானத்தின் விரிவை எண்ணி மலைத்த நெஞ்சுக்குள்ளேயே அந்த விரிவுக்கு உரியவன் வீற்றிருக்கிறான்.

ஆகவே கோயிலுக்கு நடந்து செல்ல இயலாத நாள்களில் மனம் தளர வேண்டியதில்லை. நாம் இருக்கும் அறை சிறிதாக இருக்கலாம். திருக்கோவலூர் இடைகழியைவிடச் சிறிதாக இருக்க முடியாது. அடுத்த முறை சங்கற்பம் சொல்லப்படும்போது அவசரமின்றி ஒவ்வொரு சொல்லையும் கேளுங்கள். உங்கள் பெயர் வரும் இடத்தில் சற்று நில்லுங்கள். கோடையில் வானம் தெளிந்த ஒரு மாலைப்பொழுதில், வீட்டுக் குழந்தைகளை அழைத்துச் சப்தரிஷி மண்டலத்தைக் காட்டுங்கள். அவர்கள் கண் கூர்மையானது; வசிஷ்டரின் அருகில் அருந்ததியை அவர்களே உங்களுக்குச் சுட்டிக்காட்டுவார்கள். உங்கள் மணநாளில் புறப்பட்ட ஒளி இன்னும் வந்துகொண்டிருப்பதை அவர்களிடம் சொல்லுங்கள். அது வந்து சேரும் நாளில் அண்ணாந்து பார்க்க அவர்கள் இருப்பார்கள். அவர்களுக்கும் நமக்கும் துணையாய், அன்று இடைகழியில் நின்றவன் என்றும் நிற்பான்.