திருப்புளியும் லேப்டாப்பும்

சங்ககிரி ரோட்டில் ஒரு பிக்கப் கறுப்புப் புகையைக் கக்கிக்கொண்டு மேடு ஏறினால், "பம்பைத் திருப்பியிருக்கான்" என்பார்கள் எடப்பாடி டீக்கடை பெஞ்சில். முப்பது வருஷத்துக்கு முந்தைய பேச்சு இது. இன்ஜினுக்குள் என்ன வேலை நடந்திருக்கிறது என்பதை ரோட்டோரம் உட்கார்ந்திருப்பவரே சொல்லிவிடுவார். இன்று அதே மேட்டில் ஏறும் வண்டியைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடிவதில்லை. இழுவையைக் கூட்டுகிற வேலை உள்ளங்கை அகலப் பெட்டி ஒன்றுக்குள்ளோ, லேப்டாப்பிலிருந்து ஏற்றிய ஒரு ஃபைலுக்குள்ளோ போய்விட்டது. அந்த ட்யூனிங் பெட்டியைப் புதிதாக வாங்கலாமா, யாரோ கழற்றிப் போட்டதைப் பாதி விலைக்கு வாங்கலாமா என்று லோடு வண்டி வைத்திருக்கும் தம்பிகள் கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊரில் பிக்கப்புக்கு ஓய்வு கிடையாது. விசைத்தறிக்கு நூல் மூட்டை வர வேண்டும். நெய்த துணி பேலாகப் போக வேண்டும். குச்சிக்கிழங்கு பிடுங்கினால் அன்றைக்கே சேகோ ஆலைக்குப் போய்ச் சேர வேண்டும். சனிக்கிழமை கொங்கணாபுரம் சந்தைக்கு ஆடு. பெரும்பாலும் சமதளம்தான். ஆனால் ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளும் கொல்லிமலையின் 70 வளைவுகளும் ஒரு நாள் வாடகைத் தூரத்தில் இருக்கின்றன. ஆர்.சி. புத்தகத்தில் எழுதிய எடையோடு நிற்கிற லோடு அபூர்வம். இழுவை பத்தவில்லை என்ற குறை அந்த அதிக எடையிலிருந்துதான் பிறக்கிறது. அன்றும் அப்படித்தான், இன்றும் அப்படித்தான்.

டாடா மொபைல் 1988இல் வந்தது. அதன் வழியில் வந்த 207 ஒன்றை என் மாமா செகண்ட் ஹேண்டில் வாங்கியிருந்தார். கிழங்கு சீசனில் இழுவை இல்லை என்று பட்டறைக்குப் போனார். மெக்கானிக் ஏறி உட்கார்ந்து ஆக்சிலேட்டரை மிதித்துக் காதைக் கொடுத்துக் கேட்டார். டீசல் பம்பைக் கழற்றி, சாக்குத்துணியில் சுற்றி, பம்பு சர்வீஸ் கடைக்கு அனுப்பினார். சின்ன வயதில் நான் பார்த்து மலைத்த இடம் அது. பெஞ்சில் பம்பை மாட்டிச் சுற்றவிட்டால், வரிசையாக நிற்கிற கண்ணாடிக் குழாய்களில் டீசல் ஏறும். எல்லாக் குழாயிலும் ஒரே அளவு ஏற வேண்டும். ஒன்றில் குறைந்தால் அந்த சிலிண்டருக்கு டீசல் சரியாகப் போகவில்லை என்று கண்ணாலேயே தெரிந்துவிடும். அந்தக் கடைக்காரர் எதையும் மறைக்க முடியாது, நாமும் ஏமாற முடியாது.

அந்தப் பம்பில் அதிகபட்ச டீசலை நிறுத்தி வைக்கிற திருகாணிக்குக் கம்பெனியில் ஈயத்தில் சீல் வைத்து அனுப்புவார்கள். சீலை அறுத்துத் திருகாணியைக் கொஞ்சம் திருப்பினால் ஒவ்வொரு அடிக்கும் டீசல் கூடும், இழுவை கூடும். எரியாத டீசல் புகையாகப் போகும். 1951இல் தொடங்கிய மைக்கோ கம்பெனி 2008இல் பாஷ் என்று பெயர் மாற்றிக்கொண்டது. ஆனாலும் வயதான மெக்கானிக்குகள் வாயில் இன்னும் அது மைக்கோ பம்புதான். அவ்வளவு நெருக்கம் அந்தத் திருகாணியோடு. மாமா வண்டியிலும் திருப்பினார்கள். இரண்டு மாதம் சந்தோஷமாக ஓடியது. பிறகு கொல்லிமலை ஏற்றத்தில் இன்ஜின் கொதித்து ஹெட் கேஸ்கட் போயிற்று. மெக்கானிக் திருகாணியைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தார். திருப்பி வைக்க அதே திருப்புளி போதுமாக இருந்தது. தப்பு செய்தாலும் தப்பு எங்கே என்று தெரிந்த காலம் அது.

2005இல் டாடா ஏஸ் வந்தது. இரண்டு சிலிண்டர், 702 சிசி, 16 குதிரைத்திறன். அதை வைத்துக்கொண்டே எத்தனையோ குடும்பங்கள் தலையெடுத்தன. 2011இல் வந்த அசோக் லேலண்ட் தோஸ்த்திலேயே காமன் ரயில் இன்ஜின். மகிந்திரா பொலேரோ பிக்கப்பின் 2,523 சிசி இன்ஜினும் அந்த வழிக்கு வந்தது. பி.எஸ்.4 விதி நாடு முழுக்க 2017 ஏப்ரலிலும், பி.எஸ்.6 விதி 2020 ஏப்ரலிலும் வந்தபின் திருகாணிக்கு இடமே இல்லாமல் போனது.

காமன் ரயிலில் டீசல் ஒரு தடித்த குழாய்க்குள் ஆயிரம் பாருக்கு மேல் அழுத்தத்தில் காத்திருக்கும். கார் டயரில் இருக்கும் காற்று இரண்டு பார் சொச்சம்தான் என்பதை நினைத்துப் பாருங்கள். எப்போது, எவ்வளவு நேரம் இன்ஜெக்டர் திறக்க வேண்டும் என்பதை ஈ.சி.எம். என்கிற கணினி முடிவு செய்கிறது. ட்யூனிங் பெட்டி அந்தக் குழாயின் அழுத்தத்தைச் சொல்கிற சென்சாருக்கும் ஈ.சி.எம்.முக்கும் நடுவில் உட்கார்ந்துகொள்ளும். இருக்கிற அழுத்தத்தைக் குறைத்துச் சொல்லும். ஈ.சி.எம். அதை நம்பி அழுத்தத்தை ஏற்றும். அதே நேரத்துக்குள் டீசல் கூடுதலாகப் பாயும். ஆக, இந்தப் பெட்டி செய்கிற வேலை பொய் சொல்வது. ரீமேப் வேறு மாதிரி. ஈ.சி.எம்.மின் ஃபைலையே வெளியே எடுத்து, டீசல் அளவு, டர்போ காற்று, முறுக்குவிசை வரம்பு ஆகியவற்றை மாற்றித் திரும்ப ஏற்றுவது. கோவையிலும் பெங்களூரிலும் கார்களுக்கு இதைச் செய்கிற கடைகள் இருக்கின்றன. தெரிந்தவர் செய்தால் பெட்டியை விட இது ஒழுங்கான வேலை.

இதற்கெல்லாம் கீழே இன்னொரு சரக்கும் விற்கிறது. ஸ்டீயரிங்குக்குக் கீழே ஸ்கேனர் மாட்டுகிற இடத்தில் செருகினால் போதும், இழுவையும் மைலேஜும் கூடும் என்று சில நூறு ரூபாய்க்கு விற்கிறார்கள். அந்த மாதிரிப் பெட்டிகளைப் பிரித்துப் பார்த்தவர்கள் உள்ளே கண்டது விளக்குகளை மினுக்க வைக்கிற ஒரு சில்லும் சில பல்புகளும்தான். புதிதாகவும் வாங்க வேண்டாம், பழையதாகவும் வாங்க வேண்டாம்.

பழைய ட்யூனிங் பெட்டி விஷயத்துக்கு வருகிறேன். பழைய டர்போ வாங்கினால் ஷாஃப்டை ஆட்டிப் பார்க்கலாம். பழைய கியர் பாக்ஸ் என்றால் திறந்து பல்லைப் பார்க்கலாம். பழைய பெட்டியில் பார்க்க என்ன இருக்கிறது? பிளக் பொருந்துகிறது என்பதாலேயே வண்டிக்குப் பொருந்தும் என்று அர்த்தமில்லை. ஒரே மாதிரி பிளக் உள்ள சென்சார்களுக்குள்ளேயே அழுத்த அளவுகோல் வேறுபடும். 1,600 பாருக்கான சென்சாரை நினைத்து எழுதிய பொய்யை 1,800 பார் சென்சார் வண்டியில் சொன்னால் கணக்கு தப்பும். செக் லைட் எரியும், வண்டி வேகம் ஏறாமல் முடங்கும், இன்னும் மோசமானால் பம்போ இன்ஜெக்டரோ போகும். ஒயர் அறுத்து ஒட்டியதா, உள்ளே தண்ணீர் இறங்கியதா என்பதும் வெளியே தெரியாது. பிக்கப் மோகம் மிகுந்த அமெரிக்காவில் கையடக்க ட்யூனர்கள் நிறைய உண்டு. அவற்றில் பல, முதலில் மாட்டிய வண்டியின் சேசிஸ் நம்பரோடு பூட்டிக்கொள்ளும். பழைய உரிமையாளர் தன் வண்டியைக் கம்பெனி ஃபைலுக்குத் திருப்பிப் பூட்டைத் திறந்து தராவிட்டால், வாங்கியவருக்கு அது வெறும் பிளாஸ்டிக் கட்டி. பாதி விலையில் கிடைக்கிறதே என்று அங்கே ஏமாந்தவர்கள் ஏராளம்.

அந்த நாட்டிலிருந்து இன்னொரு கணக்கும் உண்டு. பத்து வருஷத்துக்குள் 5,50,000க்கும் மேற்பட்ட டீசல் பிக்கப்புகளில் புகைக் கட்டுப்பாட்டுக் கருவிகள் நீக்கப்பட்டதாக அந்நாட்டுச் சுற்றுச்சூழல் நிறுவனம் 2020 நவம்பரில் மதிப்பிட்டது. ட்யூனர் விற்ற கம்பெனிகள் மேல் வழக்குகள் பாய்ந்தன.

நம் சட்டமும் லேசானதல்ல. கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதியாகச் சொன்னது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதி இல்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ உண்டு. எஃப்.சி.க்குப் போய் நிற்கிற வாடகை வண்டிக்கு இது வெறும் பயமுறுத்தல் அல்ல. காப்பீட்டிலும் வாரண்டியிலும் கேள்வி வரும்.

பி.எஸ்.6 வண்டியில் இன்னொரு தொல்லை. சைலன்சர் வழியில் புகைக்கரியைப் பிடித்து வைக்கிற வடிகட்டி இருக்கிறது. டீசல் கூடினால் கரி கூடும். தறிக்கும் சாயப்பட்டறைக்கும் நடுவே நாலு கிலோமீட்டர் ஓடி நிற்கிற வண்டியில் அந்தக் கரி எரிந்து தீர்வதற்கான சூடே வராது; வடிகட்டி அடைத்துக்கொள்ளும். முன்பு ஊர் மூக்குக்குப் போன புகை இப்போது உரிமையாளரின் பர்ஸுக்கு வருகிறது. கூடின முறுக்குவிசையை கிளட்ச் பிளேட்டும் தாங்க வேண்டும். பிரேக்கோ பழைய பிரேக்தான். இழுவை இருக்கிற தைரியத்தில் இன்னும் அரை டன் ஏற்றிக்கொண்டு தொப்பூர் இறக்கத்தில் வருகிறவரை நினைத்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. அந்த இறக்கத்தில் எத்தனை உயிர் போயிருக்கிறது என்பது இந்தப் பக்கத்து லாரிக்காரர் எல்லோருக்கும் தெரியும்.

என் முடிவு இதுதான். சம்பாதிக்கிற பி.எஸ்.6 வண்டியில் பெட்டியும் வேண்டாம், ஃபைலும் வேண்டாம். பழைய காமன் ரயில் வண்டியிலும் நான் செய்யச் சொல்ல மாட்டேன். அதையும் மீறித்தான் ஒருவர் செய்வார் என்றால் பழைய பெட்டியைத் தொடவே கூடாது. இன்ஜின் நம்பரையும் ஈ.சி.எம். நம்பரையும் எழுதி வாங்கி, பில் கொடுத்து, கம்பெனி ஃபைலின் நகலை உரிமையாளர் கையில் தருகிறவரிடம் மட்டும் போக வேண்டும். அந்த நகல்தான் இன்றைய திருப்புளி. அது கையில் இல்லாதவருக்குத் திரும்பி வர வழி இல்லை.

அதற்கு முன்னால் ஒரு காரியம் செய்யுங்கள். இழுவை குறைந்துவிட்டது என்று வருகிற வண்டிகளில், தறிப் பட்டறை வாசலிலேயே நின்று நின்று ஏர் ஃபில்டர் முழுக்கப் பஞ்சு அடைத்திருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். டர்போ ஹோஸ் விரிசல், அழுக்கான டீசல் ஃபில்டர், தேய்ந்த இன்ஜெக்டர் என்று காரணம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். பெட்டிக்கு என்று எடுத்து வைத்த பணத்தில் கொஞ்சம் எடுத்து, முதலில் அந்த ஃபில்டரைக் கழற்றித் தட்டிப் பாருங்கள்.