யாரைச் சொல்கிறது ‘ஹீ’?

மதுரையில் சித்திரை மாதம், அழகர் பெருமாள் வரும் இரவு. தல்லாகுளம் பெருமாள் கோயிலைச் சுற்றி நிற்கும் கூட்டத்தில் யாராவது ஒருவர் செல்போனில் பேசிக்கொண்டிருப்பார்: “நாங்க இங்கனதான் நிக்கிறோம். நீ வந்துரு, நாம சேந்து ஆத்துக்குப் போவோம்.” எதிர்முனையில் இருப்பவருக்குக் குழப்பமே இல்லை. ‘நாங்க’ என்றபோது அவர் கணக்கில் இல்லை; ‘நாம’ என்றதும் அவரும் சேர்த்தி. இதே பேச்சை ஆங்கிலத்தில் சொன்னால் இரண்டு இடத்திலும் ‘வீ’தான்.

கேட்பவரைச் சேர்த்துக்கொள்ளும் ‘நாம்’, விட்டுவிடும் ‘நாங்கள்’ என்ற இந்தப் பிரிவை, 1856-ல் வெளிவந்த திராவிட ஒப்பிலக்கணத்தில் கால்டுவெல் தனியாக எடுத்துப் பேசியிருக்கிறார். தெலுங்கில் இது இன்றும் உண்டு, கன்னடம் தொலைத்துவிட்டது. ஆங்கிலத்தில் கிடையாது. அதனால் “வீ ஹாவ் டு பே த பில்” என்று ஒரு வியாபாரக் கடிதத்தில் எழுதினால், பணம் கட்ட வேண்டியவர் எழுதியவர் மட்டுமா, கடிதத்தைப் படிப்பவருமா என்று தெரியாது. தமிழில் நினைத்து ஆங்கிலத்தில் எழுதுபவருக்கு இந்த ஓட்டை கண்ணில் படுவதில்லை, ஏனென்றால் அவர் மனதுக்குள் அது ‘நாங்கள்’ என்றே தெளிவாக ஒலித்துக்கொண்டிருக்கிறது.

புரோநவுன் பிழைகளில் பல இப்படித்தான் பிறக்கின்றன. தமிழ் தானாகச் செய்துகொடுக்கும் வேலையை ஆங்கிலத்தில் எழுதுகிறவர் தாமே செய்ய வேண்டியிருக்கிறது.

அழகர் கதையையே எடுத்துக்கொள்வோம். “ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஆண்டாள் மாலை வந்து சேர்கிறது. அதைச் சூடிக்கொண்டு, விடியலில் தங்கக் குதிரையில் வைகைக்குள் இறங்குகிறார்.” இரண்டாவது வாக்கியத்தில் அழகர் என்ற பெயர் இல்லை, ‘அவர்’ கூட இல்லை. ‘இறங்குகிறார்’ என்ற வினைமுற்றே ஆள் இருப்பதையும், மரியாதைக்குரியவர் என்பதையும் சொல்லிவிடுகிறது; மிச்சத்தை மதுரை அறியும். இதை அப்படியே ஆங்கிலமாக்கினால் வினைக்கு முன்னால் ஓர் எழுவாய் வேண்டும். மாணவர் ‘ஹீ’ என்று போடுவார். திருவிழாவைப் பார்த்திராத வாசகர் முந்தைய வாக்கியத்துக்குத் திரும்பிப்போய் ஓர் ஆணைத் தேடுவார். அங்கே இருப்பது ஆண்டாளும் ஒரு மாலையும். ‘ஹீ’ குறிப்பவர் எழுதியவர் தலைக்குள் இருக்கிறார்; தாளில் இல்லை. தாளில் இல்லாத ஒருவரை ‘ஹீ’ சுட்ட முடியாது என்பதுதான் இலக்கணப் புத்தகங்கள் பல பக்கங்களில் சொல்லும் விதியின் சாரம். எழுவாய் இல்லாமல் ஆங்கிலத்தால் நிற்க முடியாது. மழை பெய்ததைச் சொல்லக்கூட ஒன்றையும் குறிக்காத ‘இட்’ ஒன்றை முன்னால் நிறுத்துகிறது.

அடுத்தது, தமிழின் ‘தான்’. இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு குறைவதில்லை. “ராமன் குமாரிடம், தான் தேறிவிட்டதாகச் சொன்னான்” என்றால் தேறியவன் ராமன். “அவன் தேறிவிட்டதாகச் சொன்னான்” என்றால் தேறியவன் குமாராக இருக்கலாம், மூன்றாவது ஆளாகவும் இருக்கலாம். ராமன் என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். வாக்கியத்தின் எழுவாயைப் பின்னால் போய்ப் பிடிக்கவே ‘தான்’ இருக்கிறது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ‘ஹீ’ ஒன்றுதான். நல்ல ஆங்கில எழுத்தாளர்களும் இந்த இடத்தில் தடுமாறுகிறார்கள். பெயரைத் திரும்பச் சொல்லியோ, வாக்கியத்தை உடைத்தோ தப்பிக்கிறார்கள்.

பேச்சுத் தமிழ் இன்னொரு வழி வைத்திருக்கிறது. “பாஸாயிட்டேன்னு ராமன் குமார்ட்ட சொன்னான்.” ராமன் வாயிலிருந்து வந்த ‘-ஏன்’ அப்படியே இருக்கிறது, பின்னால் ‘-னு’ ஒட்டிக்கொண்டதும் அது ராமனுடைய பேச்சு என்று ஆகிவிடுகிறது. இந்த வசதியைப் பழகிய பிள்ளை ஆங்கிலத்தில் “ராமன் செட் தட் ஐ பாஸ்ட்” என்று எழுதுகிறது. ஆங்கிலத்தின் ‘தட்’ நம் ‘-னு’ மாதிரி பேச்சைச் சுமந்து வருவதில்லை. ‘ஐ’ என்றதும் எழுதுகிற ஆள் பாஸானதாகவே பொருள். ரிப்போர்ட்டட் ஸ்பீச் பாடத்தில் மதிப்பெண் பறிபோகும் இடம் இது. பிள்ளைக்கு இலக்கணம் தெரியாது என்று ஆசிரியர் சிவப்பு மையில் சுழிப்பதைவிட, ‘-னு’வையும் ‘தட்’டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டினால் போதும் என்று நம்புகிறேன். 

மரியாதையில் மட்டும் இரண்டு மொழிகளும் ஒரே பாதையில் நடந்திருக்கின்றன. ஒருவரைப் பன்மையில் சொல்வது வழக்கில் உள்ள உயர்சொல், ஆனால் இலக்கணநெறி ஆகாது என்று தொல்காப்பியம் கிளவியாக்கத்தில் சொல்கிறது. வழக்கு வென்றது. பன்மையாக இருந்த ‘அவர்’ ஒருவருக்கு ஆனது. பலரைச் சொல்ல ‘கள்’ சேர்த்து ‘அவர்கள்’ வந்தது. அதையும் மரியாதை எடுத்துக்கொள்ள, ‘அவுங்க’ இன்று ஒரே ஆளையும் குறிக்கிறது. மதுரைத் தெரு, மரியாதை கலக்காத பன்மை வேண்டி ‘அவய்ங்க’ளைப் பிடித்துக்கொண்டது. ஆங்கிலத்தில் பன்மையாக இருந்த ‘யூ’ மரியாதைக்காக ஒருவருக்கு ஏறி, ஒருமைக்கான ‘தௌ’வை விரட்டியது. ஆணா பெண்ணா என்று தெரியாத ஒருவரைக் குறிக்கும் ‘தே’ 14-ம் நூற்றாண்டிலிருந்தே எழுத்தில் உண்டு. இலக்கணக்காரர்கள் நெடுங்காலம் எதிர்த்தார்கள். 2019-ல் மெரியம்-வெப்ஸ்டர் அகராதி ‘தே’யை அந்த ஆண்டின் சொல்லாகவே அறிவித்தது. ‘அவர்’ சொல்லி வளர்ந்த தமிழருக்கு இதில் அதிர்ச்சி அடைய எதுவுமில்லை.

எதிர்த்தவர்கள் ‘ஹீ’ எல்லோருக்கும் பொது என்றார்கள். சட்டமும் அதையே சொன்னது. 1860-ன் இந்திய தண்டனைச் சட்டம் 8-வது பிரிவில், ‘ஹீ’ என்பது ஆண், பெண் எவரையும் குறிக்கும் என்று எழுதிவைத்தார்கள். 2024 ஜூன் வரை தல்லாகுளம் காவல் நிலையத்தில் அந்தச் சட்டத்தின் கீழ் பதிவான வழக்குகளிலும் ‘ஹீ’க்கு அதுதான் பொருள். ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா அந்தப் பட்டியலில் திருநர்களையும் சேர்த்தது. ஒரு சின்னச் சொல் யாரைக் குறிக்கும் என்று நாடாளுமன்றம் சட்டம் போட வேண்டியிருக்கிறது.

ஒரு சின்னச் சொல் யாரைக் குறிக்கிறது என்று தெரியாமல் போகும் ஆபத்தை நன்றாக அறிந்தவர்கள் நம் பத்திர எழுத்தர்கள். கிரயப் பத்திரத்தில் ‘அது’, ‘அவர்’ அபூர்வமாகத்தான் வரும். ‘மேற்படி சொத்து’, ‘மேற்படி நபர்’ என்று திரும்பத் திரும்ப எழுதுவார்கள். ‘அவர்’ யாரென்று இரண்டு பொருள் கிளம்பினால் நிலமே கைமாறிப் போகலாம். பள்ளியில் ஒரே பெயரைத் திரும்ப எழுதாதே என்று சொல்லித்தருகிறோம். அந்த அறிவுரையை ஓர் அளவோடு நிறுத்த வேண்டும். ராமனும் குமாரும் ஒரே வாக்கியத்தில் இருந்தால், மூன்றாவது முறையும் ராமன் என்றே எழுதலாம். ஆண்டாள் மாலை வந்து சேர்ந்த பிறகு, குதிரையில் ஏறுபவர் அழகர் என்று பெயரைப் போட்டே எழுதலாம்.