ரியூன் பண்ணிய கார் ஏன் நின்றுபோகிறது?

நேற்றுவரை எப்படியோ ஓடிய பழைய கார், வீட்டில் ரியூன் பண்ணிய பிறகு ஸ்ராட் ஆகிறது. ஆனால் அக்சிலேற்றரில் இருந்து காலை எடுத்ததும் நின்றுவிடுகிறது. பிளக், பொயின்ற், கொண்டென்சர் எல்லாமே புதிது. இப்படியான நேரத்தில் கோளாறு பெரும்பாலும் கடைசியாகக் கை வைத்த இடத்தில்தான் இருக்கும்.

அக்சிலேற்றரை விட்டதும் காபரேற்றரின் காற்றுக் கதவு ஏறக்குறைய மூடிக்கொள்ளும். மிச்ச இடைவெளியால் நுழையும் கொஞ்சக் காற்றில் பெற்றோல் அளவாகக் கலக்க வேண்டும். ஒரு பங்கு பெற்றோல் முழுமையாக எரிய, நிறைப்படி 14.7 பங்கு காற்று தேவை. நிமிடத்துக்கு 800 சுற்றில் ஓடும் நாலு சிலிண்டர் எஞ்சினுக்குச் செக்கனுக்கு ஏறத்தாழ 27 தடவை பொறி விழ வேண்டும். வேகமாக ஓடும்போது வெளித்தெரியாத சிறு பிழையும் இந்த மெதுவான ஓட்டத்தில் எஞ்சினை நிறுத்திவிடும்.

சிறு பிழையும் எஞ்சினை நிறுத்தும் என்பதை வன்னி தடைக் காலத்தில் அனுபவமாகவே படித்தது. 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடை 2002 போர்நிறுத்தம் வரை நீண்டது. பெற்றோல் அருமையானதால் யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் பழைய ஒஸ்ரின், மொரிஸ் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடின. கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடேறிய பிறகே மண்ணெண்ணெய்க்கு மாறுவார்கள். அவசரப்பட்டால் வண்டி நின்றுவிடும். சிலிண்டருக்குள் எரிவது ஆவிதான். பெற்றோல் குளிரிலும் ஆவியாகும், மண்ணெண்ணெய்க்குச் சூடு வேண்டும். அதன் ஒக்ரேனும் குறைவு. அமுக்க விகிதம் ஏழு அளவில் இருந்த பழைய எஞ்சின்கள் அதனால்தான் ஓரளவு தாங்கின. நொக்கிங்கைக் குறைக்க டைமிங்கை, அதாவது பொறி விழும் நேரத்தை, பின்தள்ளவும் வேண்டும். அப்படிப் பின்தள்ளிய எஞ்சினில் பெற்றோல் ஊற்றினால் இழுவை இல்லாமல் சோர்ந்து ஓடும்.

டைமிங்கைத் தொடாமலே அது மாறுவதும் உண்டு. பொயின்ற் இடைவெளி இந்தக் கார்கள் பலவற்றில் 0.35 முதல் 0.40 மில்லிமீற்றர் வரை. அதை அகட்டினால் பொயின்ற் முந்தித் திறந்து பொறியும் முந்தும்; குறுக்கினால் பிந்தும். ஆகவே பொயின்ற் மாற்றினால் டைமிங்கையும் பார்த்தே தீர வேண்டும்.

அடுத்தது கொண்டென்சர். பொயின்ற் திறக்கும் கணத்தில் அங்கே மின்சாரம் பாய்ந்து எரியாமல் தடுப்பது அதன் வேலை. பொயின்றுக்கிடையே பெரிய பொறி தெறித்து, பிளக்கில் பொறி மெலிந்தால் கொண்டென்சரைச் சந்தேகிக்கலாம். கடையில் வாங்கிய புதியதும் பழுதாக இருக்கலாம். பழையதைத் திருப்பிப் பூட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

பொறி சரியென்றால் காற்றைப் பாருங்கள். காபரேற்றரைக் கழற்றிப் பூட்டியபோது அடிக் கஸ்கற் கிழிந்தாலோ, வாக்கூம் குழாய் கழன்று கிடந்தாலோ அளவுக்கு மிஞ்சிய காற்று உள்ளே போகும். எஞ்சின் ஓடும்போது அந்த மூட்டில் மட்டும் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். ஓட்டம் மாறினால் கசிவு அங்கேதான். இதைப் பெற்றோலால் சோதிப்பது தீயை அழைப்பதாகும். காற்றுவடி செம்மண் புழுதியால் அடைத்திருந்தால் நிலைமை தலைகீழ்: காற்றுக் குறைந்து பெற்றோல் மிஞ்சும், பிளக் கரி பிடிக்கும்.

பெற்றோல் கலக்கும் அளவை மாற்றும் மிக்சர் ஸ்குரூவைத் திருகுவது கடைசி வேலை. பலர் முதலில் அதைத்தான் திருகுகிறார்கள்; கசிவையும் டைமிங் பிழையையும் அது சற்று நேரம் மறைத்து, ஒரு கோளாறை இரண்டாக்கிவிடும். திருகுமுன் அது நின்ற இடத்தைக் குறித்து வையுங்கள். ஒரு தடவைக்கு ஒரு சாமானை மட்டும் மாற்றி ஓட்டிப் பாருங்கள். கழற்றிய பழைய சாமான்களைக் கார் சில நாள் நன்றாக ஓடிய பிறகு எறியலாம்.