கொல்லைக் கிணற்றுத் தண்ணீருக்கும் சோதனை வேண்டும்

ஊராட்சியும் நகராட்சியும் தொட்டியில் குளோரின் கலந்துதான் குழாயில் தண்ணீர் விடுகின்றன. கொல்லையில் இருக்கும் கிணற்றையோ போர்வெல்லையோ யாரும் வந்து பார்ப்பதில்லை. அதைக் கவனிக்க வேண்டியவர் வீட்டுக்காரர்தான்.

கண்ணுக்குத் தெரிவதும் தெரியாததும்

பருப்பு வேகவில்லை, சோப்பு நுரைக்கவில்லை என்றால் தண்ணீர் கடினமானது. டீ கறுத்துப்போனால், தொட்டியில் செம்பழுப்புக் கறை ஏறினால், இரும்பு இருக்கிறது. இவை பெரும்பாலும் தொல்லைகள், அவ்வளவுதான். உண்மையில் அஞ்ச வேண்டிய மலக்கிருமி, ஃப்ளோரைடு, நைட்ரேட் மூன்றும் தெளிந்த, ருசியான தண்ணீரிலேயே இருக்கலாம்.

டிடிஎஸ் மீட்டரை நம்பிவிடாதீர்கள். தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்பதை வைத்து, கரைந்துள்ள உப்பின் மொத்த அளவை அது மதிப்பிடுகிறது. கிருமியை அதற்குத் தெரியாது. எந்த உப்பு என்றும் அது சொல்லாது. எண் 300 என்று காட்டுகிற கிணற்றிலும் சாக்கடை கசிந்திருக்கலாம்.

கிருமிக்கு ஒரு சிறு குப்பி

வீட்டிலேயே செய்யக்கூடியது ஹைட்ரஜன் சல்ஃபைடு குப்பிச் சோதனை. குவாலியரில் இருந்த இந்திய ஆய்வாளர்கள் 1982-இல் வெளியிட்ட முறை இது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொள்ளுங்கள். மோட்டாரைச் சில நிமிடம் ஓடவிட்டு, குப்பியின் உள்பக்கத்தைத் தொடாமல் கோடு வரை தண்ணீர் பிடித்து மூடி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். 24 முதல் 48 மணி நேரத்துக்குள் தண்ணீர் கறுத்தால் மலக்கழிவு கலந்திருக்கக்கூடும். அழுகிய முட்டை நாற்றம் இயல்பாகவே வீசும் போர்வெல்லில் மட்டும் இந்த முடிவு ஏமாற்றலாம்; அங்கே ஆய்வகம்தான் வழி.

ஐப்பசி, கார்த்திகை மழையில் கிணறு நிரம்பியதும் இதைச் செய்வது நல்லது. மேல்மண்ணின் அழுக்கும் கழிவறைக் குழியின் கசிவும் கிணற்றுக்குள் இறங்கும் காலம் அதுதான்.

ஃப்ளோரைடும் நைட்ரேட்டும்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு மிகுந்திருப்பதால்தான் ஒகேனக்கல் காவிரித் தண்ணீரைக் குழாய் வழியாகக் கொண்டுவந்தார்கள். பாறையிலிருந்து கரைந்து வருவது அது. பல் முளைக்கும் வயதில் குடித்த பிள்ளைகளின் பல்லில் மாறாத கறை விழும். ஆண்டுக்கணக்கில் மிகுதியாகக் குடித்தால் எலும்பும் மூட்டும் இறுகும். இந்தியத் தர அளவு லிட்டருக்கு 1 மில்லிகிராம். வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1.5 வரை.

நைட்ரேட் உரத்திலிருந்தும் கழிவுக் குழியிலிருந்தும் வருகிறது. எல்லை 45 மில்லிகிராம். அதற்கு மேலிருந்தால் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு அந்தத் தண்ணீரில் பால் மாவு கரைக்கவே கூடாது; ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் குழந்தை நீலம் பாய்ந்துவிடும். கொதிக்க வைப்பதும் இங்கே உதவாது. தண்ணீர் வற்ற வற்ற நைட்ரேட்டின் செறிவு கூடத்தான் செய்யும்.

வண்ணம் மாறும் கள உபகரணப் பெட்டியில் இவற்றைத் தோராயமாகப் பார்க்கலாம். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டித் துல்லியமாகவே அறியலாம். ரசாயனச் சோதனைக்குச் சுத்தமான கேனை அதே தண்ணீரால் மூன்று முறை அலசிவிட்டுப் பிடியுங்கள். கிருமிச் சோதனைக்கு ஆய்வகம் தரும் பாட்டிலே வேண்டும். பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து அன்றைக்கே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.

குப்பி கறுத்தால்

உடனே குடிநீரைக் கொதிக்க வைக்கத் தொடங்குங்கள். தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் கிருமி செத்துவிடும். பிறகு கிணற்றுக்கு பிளீச்சிங் பவுடர்: 1,000 லிட்டருக்கு சுமார் 2.5 கிராம். கிணற்றின் விட்டத்தை அதே விட்டத்தால் பெருக்கி, நீரின் ஆழத்தாலும் 785-ஆலும் பெருக்கினால் லிட்டர் கணக்கு கிடைக்கும். அளவுகள் மீட்டரில் இருக்க வேண்டும். 2 மீட்டர் விட்டமுள்ள உறைகிணற்றில் 3 மீட்டர் தண்ணீர் இருந்தால் 9,420 லிட்டர், ஏறத்தாழ 24 கிராம் தூள். வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கிய பின் தெளிவை மட்டும் ஊற்றிக் கலக்கிவிட்டு ஒரு மணி நேரம் காத்திருங்கள்.

மறுநாளே திரும்பச் சோதித்தால் குளோரின் இருப்பதால் குப்பி நல்ல பிள்ளையாகவே காட்டும். வாசனை முழுதும் போய், ஒரு வாரம் கழித்துப் பாருங்கள். அப்போதும் கறுத்தால் கசிவு தொடர்கிறது என்று பொருள். உறை விரிசல், கைப்பிடிச் சுவரைச் சுற்றித் தேங்கும் தண்ணீர், 50 அடிக்குள் இருக்கும் கழிவறைக் குழி என ஒவ்வொன்றாகத் தேடுங்கள். அந்தக் குழி பக்கத்து வீட்டுக்காரருடையதாகவும் இருக்கலாம்.