தெரியாது, பார்ப்போம்!

“படித்தவர் வீட்டுப் பிள்ளைகள்தாம் கேள்வி கேட்டு வளரும், பதில் சொல்ல நம் வீட்டில் யார் இருக்கிறார்கள்?” என்று எங்கள் ஊரில் பலரும் சொல்லக் கேட்டிருக்கிறேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஆகவே இப்பேச்சு என்னை உறுத்துகிறது. பதில் சொல்ல ஆளில்லாமையால் கேள்வி சாவதில்லை. “வாயை மூடிக்கொண்டு படி” என்னும்போதுதான் சாகிறது. கேட்டவுடன் முழுப் பதிலையும் ஊட்டிவிட்டாலும் அதே கதிதான். “தெரியாது, பார்ப்போம்” என்று கூட உட்காரும் பெரியவர் ஒருவர் இருந்தால் போதும்.

மத்தியப் பிரதேசத்து ஹோஷங்காபாத் மாவட்டத்தில் (இன்று நர்மதாபுரம்) 1972ஆம் ஆண்டு 16 நடுநிலைப் பள்ளிகளில் ஓர் அறிவியல் கல்வித் திட்டம் தொடங்கிற்று. ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை படித்த பிள்ளைகள், பெரும்பாலும் கிராமத்தார். புத்தகம் விடைகளைத் தராது. சோதனைகளையும் கேள்விகளையுமே தரும். பிள்ளைகள் குழுவாக அமர்ந்து செய்து பார்த்து, கண்டதைத் தாமே எழுதினர். தேர்வுக்கும் புத்தகத்தை எடுத்துச் செல்லலாம்! (நண்பர்கள் பெருமூச்சு விடுவது கேட்கிறது.) ஐயங்களைச் ‘சவாலிராம்’ என்னும் கற்பனை மனிதருக்குக் கடிதமாக எழுதினர். 2002இல் மாநில அரசு அதை நிறுத்திவிட்டது. எனினும் முப்பது ஆண்டுகள் நடந்ததே, சான்றுக்கு அது போதாதா?

சோதனைக்குக் கருவி வேண்டாமா என்பார்கள். ஒரு குச்சி போதும். சென்ற மே மாதத்தில், ஏழாம் வகுப்பு படிக்கும் என் தங்கை, “பகல் 12 மணிக்குச் சூரியன் உச்சிக்கு வந்துவிடுமா?” என்று கேட்டாள். வாசலில் மூன்றடிக் குச்சி ஒன்றை நேராக நட்டோம். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழலின் நுனியில் அவள் கரியால் புள்ளி வைத்தாள். 12 அடித்த பிறகும் நிழல் குறுகிக்கொண்டே போயிற்று. பள்ளிக்கூடமே போகாத எங்கள் அம்மா வயலில் தன் நிழலைப் பார்த்தே பொழுதறிபவர். திண்ணையிலிருந்தபடி, “உச்சி இன்னும் வரலடி, பொறு” என்றார். 12.15-ஐ ஒட்டித்தான் நிழல் மிகக் குறுகிற்று.

காரணம் எளிது. இந்தியக் கடிகாரம் 82½ பாகை கிழக்குத் தீர்க்கரேகையைக் கொண்டு ஓடுகிறது. மதுரைக்கு அருகிலுள்ள எங்கள் ஊரோ ஏறத்தாழ 78 பாகையில் இருக்கிறது. பூமி ஒரு பாகை சுழல 4 நிமிடம். ஆக, சுமார் 18 நிமிடத் தாமதம். மாதத்துக்கு மாதம் இது சற்றுக் கூடும், குறையும்; மே மாதத்தில் மூன்று நிமிடம்போலக் குறைவு. புள்ளிகளை அவள் எண்ணி முடித்த பின்னரே இதைச் சொன்னேன். முன்பே சொல்லியிருந்தால், “ஓகோ” என்று விளையாடப் போயிருப்பாள்.

அப்புள்ளிகள் வேறொரு கேள்வியையும் கிளப்பின. பொங்கல் சமயத்தில் உச்சிநேர நிழல் வடக்கே விழுமே, இப்போது ஏன் தெற்கே விழுகிறது? “பார்ப்போம்” என்றார் அம்மா. ஞாயிறுதோறும் அளந்து நாட்காட்டியில் குறித்து வருகிறாள் தங்கை. ஜூன் 21 வரை நீண்ட நிழல் இப்போது சுருங்கிவருகிறது. ஆகஸ்டு கடைசி வாரத்தில் ஒருநாள் அது குச்சியின் காலடியிலேயே மறைந்துவிடும் என்பதை அவளிடம் நாங்கள் சொல்லவில்லை. இம்மலர் அச்சாகி வருமுன் அவளே கண்டிருப்பாள்.